கேம்பல் பே காற்றும் கான்கிரீட் பிளான்டின் ஞாபகமும்

கான்கிரீட் பேட்சிங் பிளான்ட் என்பது ஒரு பெரிய தராசும் ஒரு பெரிய மிக்சியும் சேர்ந்த இயந்திரம். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர், கெமிக்கல் ஆகிய ஐந்தையும் தனித்தனியே எடை போட்டு, ஒரு தொட்டியில் கொட்டிச் சுழற்றி, கீழே நிற்கும் வண்டியில் விடுகிறது. எது எவ்வளவு, எது முதலில், எத்தனை விநாடி சுழல வேண்டும் என்று சொல்வது கேபினுக்குள் இருக்கும் கன்ட்ரோலர். பெரிய பிளான்டில் அது பிஎல்சி என்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் கணினித் திரையும். சிறியதில் பத்துப் பதினைந்து பொத்தான்கள் கொண்ட ஒரு பெட்டி. தானே ஜல்லியை அள்ளிப் போட்டுக்கொள்ளும் கலவை வண்டிகளில், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. உருவம் எதுவானாலும் உள்ளே எழுதி வைக்கும் விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

அவற்றில் மூன்று வகை உண்டு. முதலாவது, இயந்திரத்தைப் பற்றிய தகவல்: எந்த லோட் செல் (எடை உணரும் கருவி) எந்த ஹாப்பரில் (எடை போடும் தொட்டியில்) இருக்கிறது, வெறும் ஹாப்பரின் எடை என்ன, ஒரு கிலோ ஏறினால் சிக்னல் எவ்வளவு ஏறும், முதல் பின்னில் (சரக்குச் சேமிப்புத் தொட்டியில்) என்ன சரக்கு, இரண்டாவதில் என்ன. இரண்டாவது, ரெசிபி: ஒரு கன மீட்டர் எம்30 தரக் கான்கிரீட்டுக்கு என்னென்ன எத்தனை கிலோ. மூன்றாவது, அன்றாடம் மாறும் தகவல்: இன்றைக்கு மணலில் எவ்வளவு ஈரம், கதவை மூடச் சொன்ன பிறகும் எத்தனை கிலோ விழுகிறது, போன லோடில் எவ்வளவு கூடக் குறைய ஆனது. சமையலறையில் வைத்துப் பார்த்தால் முதலாவது தராசு, இரண்டாவது குறிப்பு நோட்டு, மூன்றாவது கைப்பக்குவம். குறிப்பு நோட்டை ஊர் விட்டு ஊர் எடுத்துப் போகலாம். தராசு எங்கே போனாலும் புதிதாகச் சரிபார்த்தாக வேண்டும். கைப்பக்குவம் அன்றன்றைக்கு உரியது. பிளான்ட் கன்ட்ரோலரில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒரே ஃபைலாக நினைத்து நகலெடுப்பதில் தொடங்குகின்றன.

கேம்பல் பே இதை விளக்கத் தோதான ஊர். பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஏழு பாகை வடக்கே இருக்கிறது. போர்ட் பிளேர், 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், இங்கிருந்து கடல்வழி ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். 1969-இலிருந்து முன்னாள் படைவீரர் குடும்பங்களை மத்திய அரசு இங்கே குடியமர்த்தியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம் எனப் பல மாநிலத்தவரோடு தமிழ்க் குடும்பங்களும் வந்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தில் தீவின் தென்முனையான இந்திரா முனை நாலேகால் மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கின் அடிப்பாகம் கடல்நீருக்குள் போனது. கேம்பல் பேயிலிருந்து அந்த முனைக்குப் போட்ட 51 கிலோமீட்டர் சாலையும் சுனாமியில் சிதைந்தது. 2012 ஜூலை 31 அன்று ஐஎன்எஸ் பாஸ் கடற்படைத் தளம் தொடங்கப்பட்டது. கட்டுவதற்கும் திரும்பக் கட்டுவதற்கும் இந்தத் தீவில் வேலை ஓய்ந்ததில்லை. சிமெண்ட் கப்பலில் வருகிறது, கம்பியும் கப்பலில் வருகிறது, கன்ட்ரோலரின் உதிரிப் பாகமும் கப்பலில்தான் வரவேண்டும். வடக்கேயுள்ள தீவுகளில் நின்று நின்று வரும் கப்பலுக்கு நாள் கணக்காகும். மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் வருகிறது. மழைக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்ற பாகுபாடே கிடையாது, இரண்டிலும் பெய்யும். ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்கள்தான் ஓரளவு காய்ந்த காலம்.

இப்படிப்பட்ட இடத்தில் செட்டிங்கை எங்கிருந்து தொடங்குவது? தராசிலிருந்துதான். ரெசிபி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தராசு பொய் சொன்னால் எல்லாம் பொய்.

ஹாப்பர்கள் லோட் செல்களின் மேல் நிற்கின்றன அல்லது அவற்றில் தொங்குகின்றன. லோட் செல் என்பது எடை ஏறும்போது நூலிழை அளவு வளைந்து, அந்த வளைவுக்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தரும் எஃகுத் துண்டு. சிமெண்ட் ஹாப்பரில் 500 கிலோ திறன் கொண்ட மூன்று செல்கள் இருப்பதாகக் கொள்ளலாம். மொத்தத் திறன் 1500 கிலோ. ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லுக்குப் பத்து வோல்ட் கொடுத்தால், முழு எடையில் கிடைப்பது வெறும் 20 மில்லிவோல்ட். ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 13 மைக்ரோவோல்ட் சொச்சம். இத்தனை சின்ன சிக்னலை நம்பித்தான் டன் கணக்கில் கான்கிரீட் போடுகிறார்கள். செல்களின் வயர்கள் கூடும் ஜங்ஷன் பெட்டிக்குள் உப்பு ஈரம் புகுந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே மெல்லிய கசிவு ஏற்பட்டால் போதும், காலையில் பூஜ்யம் காட்டிய திரை மத்தியானம் எட்டுக் கிலோ காட்டும். அதைப் பார்த்ததும் செட்டிங்கில் பூஜ்யத்தைத் திருத்துவது பலரின் வழக்கம். செய்ய வேண்டியது பெட்டியைத் திறந்து துடைத்து, உலர்த்தி, ரப்பர் வாஷரை மாற்றி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுவது. வயரிங்கில் இருக்கும் நோய்க்கு மெனுவில் மருந்து கிடையாது.

கேலிப்ரேஷன் இரண்டு படி. பிளான்டை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகு, வெறும் ஹாப்பரை வைத்துப் பூஜ்யத்தைப் பதிய வேண்டும். அதற்கு முன் ஹாப்பர் எதையும் தொடாமல் தொங்குகிறதா என்று கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது. சிமெண்ட் ஹாப்பருக்கும் மிக்சருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறையில் சிமெண்ட் தூசு ஈரம் பட்டு இறுகிக் கல்லானால், எடையில் ஒரு பகுதியை அந்த உறை தாங்கிக்கொள்ளும். கடலோர ஊரில் இது அடிக்கடி நடக்கும். அடுத்தது, தெரிந்த எடையை ஏற்றி ஸ்பானைப் பதிவது. எடுத்துக்காட்டாக, வெறும் ஹாப்பரில் கன்ட்ரோலர் 1,20,000 என்ற எண்ணைப் படிக்கிறது, 500 கிலோ ஏற்றினால் 3,20,000 என்கிறது. வித்தியாசம் 2,00,000, ஆகவே கிலோவுக்கு 400. கன்ட்ரோலரின் ஞாபகத்தில் நிற்பது இந்தப் பூஜ்ய எண்ணும் இந்த 400-உம் மட்டுமே.

தெரிந்த எடை என்றால் எடையளவுத் துறையின் முத்திரை உள்ள இரும்புக் கல். 50 கிலோ சிமெண்ட் மூட்டைகளைப் பத்து அடுக்கி ‘500 கிலோ’ என்று பதிகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. மூட்டை கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும், வழியில் சிந்தியும் இருக்கும். ஈரம் குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். 500 கிலோவுக்கு 20 கிலோ கல் இருபத்தைந்து வேண்டும். தீவில் அத்தனை கிடைக்காதபோது மாற்று முறை இருக்கிறது. பத்துக் கல்லை ஏற்றி 200 கிலோவுக்குத் திரை என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, கல்லை இறக்கிவிட்டு, அதே அளவு வரும்வரை மணலைக் கொட்டுவது. இப்போது ஹாப்பரில் இருப்பது 200 கிலோ. அதன் மேல் திரும்பவும் அதே பத்துக் கல்லை வைத்தால் 400. இப்படிப் படிப்படியாக மேலே போகலாம். நேரம் பிடிக்கும், ஆனால் நேர்மையான கணக்கு. ஒவ்வொரு மூலையிலும் ஒரே கல்லைத் தொங்கவிட்டு ஒரே எண் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் மாறினால் அந்த மூலைச் செல்லில் கோளாறு.

இங்கே சுவாரசியமான ஒரு கிளைக்கதை. லோட் செல் அளப்பது நிறையை அல்ல, விசையை. புவியீர்ப்பு நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைகிறது. ஜெர்மனியின் தெற்கில், 48-ஆம் பாகையில் எடைக்கல் வைத்துக் கேலிப்ரேட் செய்த தராசை அப்படியே கேம்பல் பேயில் இறக்கினால், அது ஏறத்தாழ 0.3 சதவீதம் குறைத்துக் காட்டும். 380 கிலோ சிமெண்ட் கேட்டால் உண்மையில் ஒரு கிலோ அதிகமாக விழும். சென்னையில் சரிபார்த்ததைக் கொண்டுவந்தால் வித்தியாசம் 0.02 சதவீதம்தான், அதாவது 380 கிலோவுக்கு நூறு கிராம்கூட இல்லை. இரண்டுமே கான்கிரீட்டுக்குப் பெரிய விஷயமல்ல. கப்பலில் ஏற்றி இறக்கியதில் ஏற்பட்ட அதிர்ச்சியும், தளம் மட்டம் மாறியதும் இதைவிடப் பல மடங்கு பிழை கொடுக்கும். ஆகவே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த பிளான்ட் ஆனாலும், பெங்களூரில் செய்த கலவை வண்டி ஆனாலும், தொழிற்சாலையில் பதிந்த ஸ்பான் எண் தீவுக்கு வந்து சேர்ந்ததும் வெறும் பழைய தகவல்.

தராசு முடிந்ததும் ஃபில்டர். மிக்சர் சுழலும் அதிர்வில் எண் துள்ளிக்கொண்டே இருக்கும். பல அளவுகளின் சராசரியை எடுத்து அந்தத் துள்ளலைக் கன்ட்ரோலர் அடக்குகிறது. சராசரி அதிகமானால் திரை அமைதியாக இருக்கும், ஆனால் உண்மையை அரை விநாடி தாமதமாகச் சொல்லும். மணல் விநாடிக்கு நாற்பது கிலோ விழும்போது அரை விநாடித் தாமதம் என்பது இருபது கிலோ. எண் அசையாமல் நிற்பது பார்க்க அழகுதான். அழகுக்காக ஃபில்டரைக் கூட்டக் கூடாது.

தானாகப் பூஜ்யமாக்கும் வசதியிலும் கவனம் வேண்டும். ஈரமான எம்-சாண்ட் (பாறையை உடைத்து எடுத்த மணல்) ஹாப்பர் சுவரில் அப்பிக்கொள்ளும். 15 கிலோ ஒட்டியிருக்கும்போது கன்ட்ரோலர் அதையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் அடுத்த லோடுகள் சரியாகத்தான் விழும். ஆனால் அந்த அப்பல் ஒருநாள் மொத்தமாகப் பெயர்ந்து மிக்சருக்குள் விழும்போது 15 கிலோ மணல் கணக்கில் வராமல் சேரும். அதன் பிறகு தராசு பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸில் நிற்கும். எத்தனை கிலோவரை தானாகப் பூஜ்யமாக்கலாம் என்ற வரம்பைச் சில கிலோவுக்குள் வைத்து, அதைத் தாண்டினால் அலாரம் அடிக்கச் சொல்வதே முறை. ஆபரேட்டருக்கு எரிச்சலாக இருக்கும். ஹாப்பரைத் தட்டிவிட யாராவது ஒருவர் ஏறத்தான் வேண்டும்.

இனி சரக்கு. ஒவ்வொரு சரக்குக்கும் கன்ட்ரோலரில் ஒரு பக்கம் இருக்கும். அதில் முக்கியமானது அந்தரத்து எடை, இன்ஃப்ளைட் என்பார்கள். 720 கிலோ மணல் வேண்டுமென்றால் 720 ஆனதும் கதவை மூடினால், அந்த நேரத்தில் காற்றில் விழுந்துகொண்டிருக்கும் மணல் அதன் மேல் சேரும். ஆகவே 690-இல் மூடச் சொன்னால் மிச்ச முப்பது தானாக வந்து சேரும். அந்த முப்பதுதான் இன்ஃப்ளைட். முதலில் கதவை முழுதாகத் திறந்து, குறிப்பிட்ட எடைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும் முறையில் இது இன்னும் குறையும். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் இதைத் தாங்களே கற்றுக்கொள்கின்றன. போன லோடில் பத்துக் கிலோ கூடியிருந்தால், அடுத்த லோடில் ஐந்து கிலோ முன்னதாக மூடும். பிழை முழுவதையும் ஒரே தடவையில் திருத்தாமல் பாதிப் பாதியாகத் திருத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு லோடில் நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

இந்தக் கற்றல் சில நேரம் தப்பாகவும் கற்கும். பின்னில் மணல் தீர்ந்து போகிறது, அல்லது ஈர மணல் வாயில் பாலம் கட்டி நின்றுவிடுகிறது. லோட் அறுபது கிலோ குறைவாக முடிகிறது. அதைப் பாடமாக எடுத்துக்கொண்ட கன்ட்ரோலர் அடுத்த லோடில் கதவை முப்பது கிலோ தாமதமாக மூடும். அப்போது பின் நிரம்பியிருக்கும், ஆகவே மணல் அப்படியே கூடும். எனவே ‘இத்தனை கிலோவுக்கு மேல் பிழை வந்தால் கற்காதே’ என்ற வரம்பைப் பதிந்து வைக்க வேண்டும். எடைபோடும் துல்லியத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சிமெண்டுக்கு 2 சதவீதமும் ஜல்லி, மணல், தண்ணீர், கெமிக்கலுக்கு 3 சதவீதமும் கூடக்குறைய அனுமதிக்கிறது. டாலரன்ஸ் பக்கத்தில் எழுத வேண்டியது அந்த எண்களைத்தான். அலாரத் தொல்லை பொறுக்காமல் அதைப் பத்தாக்கி வைத்த பிளான்டின் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாகவே தெரியும்.

ரெசிபிக்கு வந்தால், அது கன்ட்ரோலரில் பிறப்பதில்லை. மிக்ஸ் டிசைன் ஆய்வகத்தில் முடிந்து, சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டியான கியூபை உடைத்துப் பார்த்து, தாளில் வந்த பிறகுதான் மெமரிக்குள் போகிறது. கேம்பல் பே கரையோரத்தில் எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்பதையும் ஐ.எஸ். 456-தான் சொல்கிறது. கடற்காற்று நேராகப் படும் இடத்தில், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்30-க்குக் குறையாத தரம், கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. அலைத் தூவானம் படும் இடத்தில் எம்35, 340 கிலோ. அலை ஏறி இறங்கும் மட்டத்தில் எம்40, 360 கிலோ, தண்ணீர் விகிதம் 0.40. தீவு நிலநடுக்க அபாயத்தில் ஐந்தாம் மண்டலம் என்று ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு வகுத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த எண்களில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கலக்கும் தண்ணீரில் குளோரைடு, கம்பி போட்ட வேலைக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கடல்நீர் கூடாது. மணலைப் பொறுத்தவரை, 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்க ஆணையிட்டது. உப்பும் சிப்பியும் கலந்த கடற்கரை மணல் கம்பிக்கும் ஆகாது. பாறையை உடைத்து எடுத்த மணலே வழி.

எண்களோடு ஒரு ரெசிபியைப் பார்க்கலாம். கன மீட்டருக்குச் சிமெண்ட் 380 கிலோ, தண்ணீர் 160, மணல் 720, இருபது மில்லிமீட்டர் ஜல்லி 680, பத்து மில்லிமீட்டர் ஜல்லி 460. கெமிக்கல் சிமெண்டில் ஒரு சதவீதம், 3.8 கிலோ. தண்ணீர் விகிதம் 0.42. கடற்காற்றுக்கு உரிய வரம்புக்குள் வருகிறது. ரெசிபிப் பக்கத்தில் இதை ஒரு முறை எழுதிச் சேமித்தால் போதும். மூட்டையைப் பிரித்துக் கொட்டும் சின்ன பிளான்டில், சிமெண்டை இரண்டு மூட்டை என்று எண்ணிப் போடும் வசதிக்காக மொத்தத்தையும் 100 கிலோ சிமெண்டுக்குச் சுருக்கி எழுதுவதும் உண்டு. அப்போது மணல் 189.5, தண்ணீர் 42.1 என்று வரும். இவ்வளவில் ரெசிபி முடிந்தது.

ஆனால் இந்த ரெசிபியில் உள்ள 720 கிலோ மணல், உள்ளே நனைந்து மேலே காய்ந்த மணல். அப்படிப்பட்ட மணல் கேம்பல் பேயில் ஆண்டுக்கு எத்தனை நாள் கிடைக்கும்? குவியலின் மேல் நேற்று இரவு முழுக்க மழை. மணலில் மொத்த ஈரம் 6 சதவீதம், மணல் தானே உறிஞ்சிக்கொள்வது 1.5 சதவீதம் என்றால், மிச்சம் 4.5 சதவீதம் கலவைக்குள் இலவசத் தண்ணீராகப் போகும். ஜல்லியிலும் அரை சதவீதம் அப்படி இருக்கட்டும். ஈரம் பக்கத்தில் இந்த எண்களைப் பதிந்தால், கன்ட்ரோலர் மணலை 752 கிலோவாகவும் ஜல்லியை 1146 கிலோவாகவும் கூட்டி, தண்ணீரை 160-இலிருந்து 122-ஆகக் குறைக்கும். ரெசிபியின் உள்ளடக்கம் மாறவில்லை, எடைபோடும் எண்கள் மட்டும் மாறின.

ஈரம் பக்கத்தில் பூஜ்யமே கிடந்தால்? 720 கிலோ ஈர மணலில் 31 கிலோ தண்ணீர் ஒளிந்து போகிறது, ஜல்லியில் கிட்டத்தட்ட ஆறு கிலோ. மேலிருந்து 160-உம் முழுதாக விழுகிறது. மொத்தம் 197. அதை 380-ஆல் வகுத்தால் 0.52. கடற்காற்றுக்கான 0.45 மட்டுமல்ல, அதற்கு அடுத்த மிதமான வகைக்கு உள்ள 0.50-ஐயும் தாண்டியாயிற்று. கன்ட்ரோலர் ரிப்போர்ட்டில் அப்போதும் எல்லாமே சரி: சிமெண்ட் 380, தண்ணீர் 160, மணல் 720. தராசு பொய் சொல்லவில்லை, மணலுக்குள் இருந்த தண்ணீரையும் மணல் என்றே எடை போட்டது. இந்தப் பிளான்டின் செட்டிங்குகளில் கான்கிரீட்டின் ஆயுளை அதிகம் தீர்மானிப்பது இந்த ஒற்றை எண். மற்ற எதையும் மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும், இதைத் தினமும் பார்க்க வேண்டும், மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாளில் வேளைக்கு ஒரு முறை.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. குவியலின் உள்ளிருந்து எடுத்த ஒரு கிலோ மணலை வாணலியில் போட்டு அடுப்பில் வறுத்து, மறுபடி எடை போட்டால் ஈரம் தெரிந்துவிடும். முறையான வழி ஐ.எஸ். 2386-இன் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. பின்னுக்குள் சென்சார் பொருத்திய பிளான்டும் உண்டு. அந்த சென்சாரையும் அதே வாணலியை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். கவனிக்க வேண்டியது, சில கன்ட்ரோலர்கள் ஈரத்தைக் காய்ந்த எடையில் சதவீதமாகக் கேட்கும், சில ஈர எடையில் கேட்கும். முதல் முறையில் 6 என்பது இரண்டாம் முறையில் 5.7. வித்தியாசம் சிறியது, ஆனால் எது என்று கையேட்டில் பார்த்து, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் ஷிஃப்ட் மாறும்போது குழப்பம் வராது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மழைக்காலத்து எண் மெமரியில் அப்படியே இருக்க, பிப்ரவரி வெயிலில் மணல் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் குறைந்து கலவை விறைக்கும், பம்பில் ஓடாது. ‘கொஞ்சம் தண்ணி விடுங்க’ என்ற குரல் வரும், வண்டியில் ஹோஸ் போகும். ஹோஸில் விட்ட தண்ணீரைப் பிளான்டின் எந்த ரிப்போர்ட்டும் காட்டாது. ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், மாறும்போதெல்லாம் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஈரம் பக்கம்.

கலக்கும் நேரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண மிக்சருக்குக் குறைந்தது இரண்டு நிமிடம் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. அதைவிட வேகமாகக் கலக்கும் இரட்டைத் தண்டு மிக்சர் போன்றவற்றுக்கு உற்பத்தியாளர் சொல்லும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எல்லாச் சரக்கும் உள்ளே விழுந்த பிறகு எண்ணத் தொடங்கும்படி வைப்பதே சரி.

இத்தனையும் எழுதியாயிற்று. இது எங்கே தங்குகிறது? பழைய கன்ட்ரோலர்களில் ரேம் என்ற நினைவகத்தில். மின்சாரம் போனால் ரேம் எல்லாவற்றையும் மறந்துவிடும், ஆகவே பக்கத்தில் ஒரு லித்தியம் பொத்தான் பேட்டரி அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகள் வரும். கேபின் ஏசி ஓடாமல் வெந்துகொண்டிருந்தால் சீக்கிரமே தீரும். பேட்டரியை மாற்றும்போது பிளான்டை ஆன் செய்தே மாற்ற வேண்டும், அணைத்துவிட்டுக் கழற்றினால் ரெசிபிகள் போய்விடும். இந்த ஒரு வரியைக் கையேட்டில் படிக்காமல் ஒரு நாள் வேலையை இழந்தவர்கள் ஏராளம். புதிய கன்ட்ரோலர்களில் ஃபிளாஷ் அல்லது ஈஈப்ராம் இருக்கும். அதற்குப் பேட்டரி தேவையில்லை. ஆனால் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு அதில் ஒரு வரம்பு உண்டு, ஈஈப்ராமில் பெரும்பாலும் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் முறைவரை. ரெசிபியை வருடத்துக்குப் பத்து முறை மாற்றுவதற்கு அது எந்நாளும் போதும். ஒவ்வொரு லோடிலும் மாறும் இன்ஃப்ளைட் எண்ணை அதே இடத்தில் எழுதினால் கதை வேறு: நாளுக்கு நூறு லோட் என்றால் ஒரு லட்சம் முறை ஆயிரம் நாளில் தீர்ந்துவிடும், மூன்று வருடம்கூட இல்லை. அதனால் நன்றாக வடிவமைத்த கன்ட்ரோலர்கள் அன்றாட எண்களை ரேமில் வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடியும்போதோ முறையாக அணைக்கும்போதோ ஒரு முறை மட்டும் நிரந்தர இடத்தில் எழுதுகின்றன.

‘முறையாக அணைக்கும்போது’ என்பதில்தான் டீசல் மின்சார ஊர்களின் சிக்கல் இருக்கிறது. ஜெனரேட்டர் மாற்றும் நேரத்தில் பட்டென்று கரண்ட் போனால், எழுதப்படாத எண்கள் போய்விடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே போனால் ஃபைல் பாதியில் நின்று சிதையும். கன்ட்ரோலருக்கும் கணினிக்கும் மட்டும் ஒரு யூபிஎஸ், பத்து நிமிடம் தாங்கினால் போதும், தனி எர்த்திங்கோடு. மின்சாரம் திரும்பியதும் கன்ட்ரோலர் எந்த நிலையில் எழ வேண்டும் என்ற செட்டிங்கையும் பார்க்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடராமல், ஆபரேட்டரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். மிக்சரைக் கழுவ உள்ளே ஆள் இறங்கியிருக்கக்கூடும். அதற்காகத் திரையை மட்டும் நம்பாமல், இறங்கும் ஆள் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

கடிகாரமும் அதே பொத்தான் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு லோட் ரிப்போர்ட்டிலும் தேதியும் நேரமும் அச்சாகின்றன. இருபத்தெட்டாம் நாள் கியூப் உடைக்கும்போது எந்த லோடின் கியூப் இது என்று கண்டுபிடிக்க அந்த ஒரு வரிதான் ஆதாரம். தேதி தப்பாகக் காட்டத் தொடங்குவது பேட்டரி சாகப் போகிறது என்பதற்கு முதல் அறிகுறி, ரெசிபி காணாமல் போவது அதற்கு அடுத்தது.

யார் எதைத் தொடலாம் என்பதற்குப் பாஸ்வேர்டு அடுக்குகள் இருக்கின்றன. ஈரம் எண் ஆபரேட்டருக்குத் திறந்திருக்க வேண்டும், பூட்டி வைத்தால் அவர் ஹோஸைத்தான் எடுப்பார். ரெசிபி தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியருக்கு. கேலிப்ரேஷனும் பின் ஒதுக்கீடும் பராமரிப்புப் பொறுப்பாளருக்கு மட்டும். நடைமுறையில் எல்லாப் பாஸ்வேர்டும் 1234 என்று இருப்பதும், அது திரையின் ஓரத்தில் மார்க்கரால் எழுதியிருப்பதும் ஊரறிந்த ரகசியம்.

கடைசியாக நகல். பென்டிரைவில் முழு பேக்கப் எடுப்பது எளிது, அதைத் திரும்ப ஏற்றுவதுதான் ஆபத்து. சென்னைப் பக்கம் நன்றாக ஓடும் ஒரு பிளான்டின் முழு ஃபைலைக் கொண்டுவந்து தீவில் உள்ள கன்ட்ரோலரில் ஏற்றினால் ரெசிபி மட்டும் வராது, அந்த ஊர்த் தராசின் பூஜ்யமும், கிலோவுக்கு இத்தனை என்ற எண்ணும், அந்த ஊர் மணலின் ஈரமும் சேர்ந்தே வரும். அங்கே முதல் பின்னில் இருபது மில்லிமீட்டர் ஜல்லி, இங்கே முதல் பின்னில் மணல் என்றிருந்தால், 680 கிலோ ஜல்லி விழ வேண்டிய இடத்தில் 680 கிலோ மணல் விழும். ஆகவே பேக்கப்பை மூன்று ஃபைலாக எடுக்க வசதி இருந்தால் அப்படியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரெசிபியை மட்டும் கையால் தட்டி ஏற்றுவது மேல். பத்து ரெசிபிக்கு ஒரு மணி நேரம் ஆகுமா? ஆகட்டும். கேலிப்ரேஷன் எண்களைத் தேதியோடு அச்சிட்டு, லேமினேட் செய்து, கன்ட்ரோல் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டலாம். கப்பல் வரும்வரை பென்டிரைவும் துருப்பிடிக்கும் ஊரில், காகிதத்துக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. கூடவே ஒரு மாற்று லோட் செல், இரண்டு பொத்தான் பேட்டரி, முடிந்தால் செட்டிங் ஏற்றப்படாத ஒரு மாற்றுக் கன்ட்ரோலர்.

அந்த மாற்றுப் பெட்டியைப் பொருத்தும் நாள் வந்தால் வரிசை இதுதான்: பின் ஒதுக்கீட்டை நேரில் பார்த்து எழுதுவது, எடைக்கல் வைத்துப் பூஜ்யமும் ஸ்பானும் பதிவது, ரெசிபியைத் தாளிலிருந்து ஏற்றுவது, வாணலியில் மணலை வறுத்து ஈரத்தைப் போடுவது, இன்ஃப்ளைட்டைக் குத்துமதிப்பாக எழுதிவிட்டுக் கன்ட்ரோலரைக் கற்க விடுவது. கற்று முடிக்க ஐந்தாறு லோட் ஆகும். அதுவரை வரும் கான்கிரீட்டை யார்டுத் தரைக்கோ கம்பியில்லாத நடைபாதைக்கோ விட்டு, ஸ்லம்ப் பார்த்து, கியூப் எடுத்து வைத்துவிட்டு, அதற்கடுத்த லோடிலிருந்து தூணுக்கு அனுப்பலாம்.